கண்ணாடி வளையலும் மயிலாசனமும்

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பின்னால் நீட்டிய என் கால்கள் தரையை விட்டு எழும்பின.

ஆம்பூரில் மூடிக்கிடந்த ஒரு தோல் டேனரியின் ஆவாரம்பட்டைக் கிடங்கு. சனிக்கிழமை காலை. உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, விரல்களைக் கால் பக்கம் திருப்பி, இரண்டு முழங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டித் தொப்புளுக்கு முட்டுக் கொடுத்தேன். கால்களைப் பின்னால் நீட்டி, தலையை மெல்ல முன்னால் சாய்த்தேன். எத்தனையோ வாரமாகச் சாய்ந்து சாய்ந்து மூக்கை இடித்துக்கொண்டவள் நான். அன்றைக்கு மூக்கு தரைக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாகக் கால் மேலே போயிற்று.

மயூராசனம் என்பாள் எங்கள் ஆசன டீச்சர். நாங்கள் மயில் என்போம்.

உடம்பு முழுக்க முழங்கையில் நிற்கிறது. மூச்சு விட்டால் விழுந்துவிடுவேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடது மணிக்கட்டில் ஏதோ வெதுவெதுப்பாக ஓடியது. வியர்வை என்று நினைத்தேன். முன்கையில் சுற்றியிருந்த துணி சிவந்தது. பட்டைத் தூளாக இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன். அந்தக் கிடங்கில் எதைத் தொட்டாலும் அந்தச் செம்பழுப்பு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதீஜாதான் முதலில் பார்த்தாள்.

“அலமேலு, எறங்கு. அது பட்டைத் தூள் இல்ல, ரத்தம்.”

இறங்கினேன். துணியைப் பிரித்தேன். உள்ளே என் பச்சைக் கண்ணாடி வளையல்கள் தூள் தூளாகக் கிடந்தன.

எனக்கெதற்கு மயில்?

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முப்பதைத் தாண்டிய ஒருத்தி, கையை ஊன்றி மயில் மாதிரி நிற்க ஆசைப்பட்டாளாக்கும் என்று. ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆசைப்படுவதற்குக்கூட அப்போது எனக்குத் தெம்பு கிடையாது.

நான் அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. எட்டாவது வரை படித்தவள். டிரெயினிங் போகாதவள். தோல் விலை விழுந்து ஊரே படுத்துக் கிடந்த காலம் அது. பாலாற்றங்கரையில் வரிசையாக நின்ற டேனரிகளில் பாதி பூட்டிக் கிடந்தன. பள்ளிக்கூடத்திலும் ஆள் குறைப்பு. டிரெயினிங் இல்லாதவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் முறை எப்போது என்று தினமும் பயந்துகொண்டுதான் பள்ளிக்கூடத்து வாசல் ஏறுவேன்.

ஒருநாள் பெரிய டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மரக் குச்சியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்கிற டிரில் பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்களுக்குச் சலித்துவிட்டதாம். இனிமேல் ஆசனம்தானாம். ஊர் ஊராக அதுதான் நடக்கிறதாம். யாராவது ஒரு டீச்சர் கற்றுக்கொண்டு வந்து, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வரும்போது செய்து காட்டினால் அவளை ஆசன டீச்சராக வைத்துக்கொள்வார்களாம். கமிட்டியில் ஒருவர் எங்கோ ஒரு படத்தில் மயிலாசனத்தைப் பார்த்துவிட்டு, அது இல்லாமல் ஆசனமே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றாராம்.

“நீ செஞ்சா உன் வேலை நிலைக்கும். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது அலமேலு,” என்றார். நல்ல மனுஷி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலை போனால் என்ன என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் பட்டை மில்லில் வேலை பார்த்தவர். தோலைப் பதனிட ஆவாரம்பட்டையை அரைத்துத் தூளாக்குகிற இடம். வருஷக்கணக்காக அந்தத் தூளைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுப்போய், கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார். விடிந்தால் இருமல், படுத்தால் இருமல். கஞ்சியும் மருந்தும் என் சம்பளத்தில்தான். வேறு நாதி கிடையாது.

அவரை அப்படிப் படுக்க வைத்த பட்டைத் தூள் படிந்த தரையிலேயே நான் கையை ஊன்றி மயிலாக வேண்டியிருந்தது.

கிடங்கில் நடந்த வகுப்பு

அந்தக் கிடங்கை வகுப்புக்கு விட்டவர் டேனரி முதலாளி சாயபு. தொழில் நின்றுபோய்ச் சும்மாதானே கிடக்கிறது என்றார். நாலு பக்கமும் உயர்ந்த சுவர், ஒரே ஒரு கதவு. ஆண்பிள்ளைகள் எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால்தான் எனக்குத் துணையாகக் கதீஜாவை அவள் வீட்டில் அனுப்பினார்கள். அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் உருது சொல்லிக்கொடுப்பவள். என் ஒரே தோஸ்த். கதவைச் சாத்தியதும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவர் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் வகுப்பு முடிகிறவரை எழுந்திருக்கமாட்டாள்.

என்னோடு கற்றுக்கொள்ள ஊர்ப் பெண்கள் இன்னும் சிலர் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் சாவித்திரி என்று ஒரு சின்னப் பெண். எங்களையெல்லாம் விட வயதில் ரொம்பக் கம்மி. மைசூர்ப் பக்கம் கற்றுக்கொண்டவள். ரயில்வேயில் இருந்த அண்ணனோடு ஜோலார்பேட்டையில் குடியிருந்தாள். சனிக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குவாள். கல்யாணமாகாத பெண். உடம்பை ரப்பர் மாதிரி வளைப்பாள். எங்களைப் பார்த்து, “இஷ்டே, இவ்வளவுதானே, ரொம்ப சுலபம்,” என்பாள் கன்னடம் கலந்து. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் காகாசனம். குந்தி உட்கார்ந்து, முழங்கால்களை மேல்கையில் ஏற்றிக் காக்கை மாதிரி நிற்க வேண்டும். புடவையைக் கால்களுக்கு நடுவே வாங்கி இறுக்கிச் சொருகிக்கொண்டு, நான் நின்ற நேரத்தைவிட உருண்ட நேரம் ஜாஸ்தி. அப்புறம் சம்மணம் போட்டபடி கையை ஊன்றி மொத்த உடம்பையும் தூக்குகிற துலாசனம். அதுவும் ஒரு வழியாக வந்தது.

காலையில் எழுந்து தண்ணீர் தூக்கி, அவருக்கு வெந்நீர் வைத்து, பள்ளிக்கூடம் போய், பிள்ளைகளோடு கத்தி, திரும்பி வந்து துணி அலசி, அவர் நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்து, அப்புறம் சுவரோரமாகக் கை ஊன்றிப் பழக வேண்டும். தோள் இற்றுப்போகும். தலை வாரக் கையைத் தூக்கினால் நடுங்கும். வலி என்று சொன்னால் யாராவது இரங்குவார்கள். அலுப்பு என்று சொன்னால் ஒருவரும் சட்டை செய்வதில்லை. எனக்கு இருந்தது அலுப்புதான்.

கதீஜா மட்டும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் அவளால் சிரிக்காமல் இருக்க முடியாது. காலையில் தின்ற சேமியாவை முழங்கையால் குத்தி வெளியே எடுப்பதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா, வீட்டில் மாமியார் இல்லையா என்பாள். சாவித்திரிக்கு அந்தப் பேச்சு பாதி புரியாது. புரிந்த பாதிக்கு முகம் சிவக்கும்.

கையில் ஏறினால் இறங்காது

முதல் நாளே சாவித்திரி சொன்னாள், வளையலையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று. ஒருத்தியும் அசையவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். கதீஜாதான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் “ஓ” என்று வாயை மூடிக்கொண்டவள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்தக் காலத்துப் பெண்கள் வேண்டும்போது போட்டுக்கொள்கிறார்கள், வேண்டாதபோது கழற்றி வைக்கிறார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. வளையல்காரர் வெள்ளிக்கிழமை தெருவுக்கு வருவார். கையை மடியில் வாங்கி, விரல்களைக் கூட்டிப் பிசைந்து, கட்டைவிரல் எலும்பை உள்ளே அமுக்கி, கண்ணில் நீர் வர வர ஏற்றுவார். எனக்கோ வேலை செய்து தடித்த கை. ஏறின வளையல் தானாக இறங்காது.

பழசை எடுத்துப் புதுசு போடும்போதுகூட எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உடைக்கமாட்டார். புதுசு ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பழசைத் தட்டுவார். புருஷன் உள்ளவள் கை ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. எப்போது வெறுமையாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாயால் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் சொல்லவே வேண்டாம். கண்ணெதிரே ஒருத்தர் இருந்தார். என் நாத்தனார் கன்னியம்மா. எங்கள் வீட்டுக்காரருக்குப் பெரிய அக்கா. கல்யாணமான சில வருஷங்களிலேயே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்துவிட்டவர். தம்பியை வளர்த்ததே அவர்தான். அதிகம் பேசமாட்டார். அடுப்படியில் அவர் கைகள் சத்தமில்லாமல் வேலை செய்யும். அந்த மொட்டை மணிக்கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு என் கை அது என்று தோன்றும்.

அவரிடம்தான் எனக்கு ரொம்பப் பயம். வளையல் விஷயத்தை அவர் காதில் போடவே இல்லை.

வீட்டுக்காரரிடம் மட்டும் ஒருநாள் மெல்லச் சொன்னேன். மயிலாசனத்தில் இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒட்டியிருக்க வேண்டும், வளையல் இடிக்கிறது, வேலை நிலைக்கிற வரைக்கும் கழற்றிவிடட்டுமா என்றேன். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இருமல் வந்து போகிற வரைக்கும் நானும் காத்திருந்தேன்.

“நான் போனதும் எப்படியும் கழட்டத்தான் போற. அதுவரிக்கும் இருக்கட்டுமே,” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சினார். பட்டை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்ட மனுஷன், என் கையிலிருக்கும் கண்ணாடிக்கு உயிரை ஒப்படைத்துவிட்டுப் படுத்திருந்தார். நான் வீட்டுக்குள் நடமாடுவதை வளையல் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். சத்தம் கொஞ்ச நேரம் நின்றால், “எங்க போன?” என்று குரல் வரும்.

துணி சுற்றின புத்தி

எங்கள் ஊரில் எதற்கும் துணிதான் வைத்தியம். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்கள் மணிக்கட்டில் கந்தைத்துணியை இறுக்கச் சுற்றிக்கொள்வார்கள், சுண்ணாம்புத் தண்ணீர் கைக்கு மேலே ஏறாமல் இருக்க. தோல் சீவுகிறவர்கள் விரலில் சுற்றுவார்கள். பட்டை மில்காரர்கள் வாயில் சுற்றுவார்கள். சுற்றினால் போதும், ஒன்றும் ஆகாது என்று டேனரி ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டுக்காரர் வாயைச் சுற்றியும் என்ன ஆனது என்று பார்த்துக்கொண்டே இருந்த எனக்கும் அதே நம்பிக்கை.

அவருடைய பழைய வாய்த்துணியைக் கிழித்தேன். வளையல்களை முன்கையில் முடிந்தவரை மேலே தள்ளி, அசையாதபடி மெத்தென்று சுற்றிக் கட்டினேன். இடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. உடையாது என்று தைரியம் வந்தது.

சத்தம்தான் நின்றது. அசைய இடமில்லாத கண்ணாடி, முழு உடம்பும் அழுத்தியபோது துணிக்குள்ளேயே நொறுங்கியது. வெறும் கையாக இருந்தால் சில்லு சிதறிக் கீழே விழுந்திருக்கும். துணி அதைப் பத்திரமாகப் பிடித்து என் சதைக்குள் அனுப்பியது.

கிடங்கில் இருந்த மற்ற பெண்கள் என் கையைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்கள். ரத்தத்துக்காக அல்ல. சாவித்திரி மட்டும் ஓடிவந்து சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். “நான் சும்மா விட்டிருக்கக் கூடாது, நான் சும்மா விட்டிருக்கக் கூடாது,” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கையில் ஒன்றும் மிச்சமில்லை. வலது கையில் மட்டும் எல்லாம் முழுசாக இருந்தன.

கதீஜா தன் கையிலிருந்து இரண்டு வளையலைக் கழற்றி எனக்குப் போடப் பார்த்தாள். அவளுக்குப் பெரிய வளையல், சுலபமாகக் கழலும். எனக்கோ இடது கை வீங்கிப்போய் ஏறவில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை வேடிக்கை பேசவில்லை. அவள் பேசாமல் வந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

பாதிச் சத்தம்

முந்தானையால் கையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படிக்குப் போகிறதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“இன்னாமே, பாதிச் சத்தம்தான் கேக்குது?”

முந்தானையை எடுத்துக் காட்டினேன். பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானக் கஞ்சியைத் தொடவில்லை. சாயங்காலமும் வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மருந்து வாயில் இறங்கவில்லை. இருமல் மட்டும் நிற்கவே இல்லை. முகம் வெளுத்துப்போய், இனி எல்லாம் முடிந்தது என்று அவரே முடிவு கட்டிவிட்ட மாதிரி கிடந்தார்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

செய்தால் வேலை இருக்கும். ஆனால் மிச்சமிருந்த வலது கை வளையல்களோடு செய்ய முடியாது. இன்னொரு தடவை குத்திக்கொள்ள என் கையில் இடமில்லை. கழற்றினால் இந்த மனுஷன் பயத்திலேயே போய்விடுவார். கழற்றாவிட்டால் அடுத்த மாதம் கஞ்சிக்கு வழியில்லாமல் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாகப்போவது அவர்தான், காரணம் நான்தான். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. வேண்டாம், பெரிய டீச்சரம்மாவிடம் போய் என்னால் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

வாசல்படியில் கன்னியம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். மயில், வேலை, துணி, எல்லாம். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்து நேரே உள்ளே போனார். தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

“எனக்கு ரெண்டு கையிலயும் நெறைய இருந்திச்சி,” என்றார். “அவரு போற அன்னிக்கி ஒண்ணுகூட கீறல் விடல. அத்தினி வளையல் இருந்து ஒரு மனுசனப் புடிச்சி நிறுத்த முடியல. இன்னா, கேக்குதா?”

தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது.

“கஞ்சிதாண்டா நிறுத்தும். அது அவ கொண்டார்றது.”

அவ்வளவுதான் பேசினார். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். என் கையை நீட்டச் சொன்னார். புருஷன் இல்லாதவர்கள் இன்னொருத்தி வளையலைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் தொட்டதில்லை. வளையல்காரர் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அக்கா, நானே கழற்றிக்கொள்கிறேன் என்றேன். குத்துப்பட்ட கையால் எப்படிக் கழற்றுவாய் என்று கேட்டுவிட்டு, எண்ணெயைத் தடவ ஆரம்பித்தார்.

எண்ணெய் ஊற்றி, விரல்களை நீவி, கட்டைவிரல் எலும்பை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரமே படாமல் ஒவ்வொன்றாக இறக்கினார். வளையல்காரருக்குக்கூட அந்தப் பொறுமை கிடையாது. ஒன்றும் உடையவில்லை. கடைசியில் இரண்டு மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். வளையல்களைச் சொம்பில் போடும்போது அவர் விரல்கள் ஒரு வளையலை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தன. பிறகு அதையும் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டார்.

கட்டிலில் இருந்தவர் கடைசிவரை திரும்பவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா

திங்கட்கிழமை முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மறைக்க மறைக்கத்தான் தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கண்ணாடி போட்ட, வெயிலில் வாடிய, என்னைவிடக் களைத்த மனுஷி. வேலூரில் ஆரம்பித்து வழியில் இருந்த பள்ளிக்கூடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அடுத்து திருப்பத்தூர் போகவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

தாழ்வாரத்தில் பாய் விரித்திருந்தார்கள். காக்கை செய்தேன். துலாசனம் செய்தேன். அப்புறம் முட்டி போட்டு, கையைத் திருப்பி ஊன்றி, முன்கைகளை ஒட்டினேன். முதல் தடவையாகத் தோலோடு தோல் சேர்ந்தது. நடுவில் எதுவும் இடிக்கவில்லை. காயம் மட்டும் விண் விண் என்று தெறித்தது. தலையைச் சாய்த்ததும் கால் தானாக எழுந்தது. அத்தனை வாரமும் நான் பட்ட பாடெல்லாம் அந்தக் கொஞ்சம் கண்ணாடியோடுதான் என்று அப்போது தெரிந்தது.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. வீட்டில் அவர் என்ன ஆனாரோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மயிலாக நின்றபடி அதைத்தான் நினைத்தேன்.

“போதும், இறங்கும்மா,” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. “நல்லா செஞ்சே.” பெரிய டீச்சரம்மாவிடம் தாகமாக இருக்கிறது, மோர் கிடைக்குமா என்று கேட்டார்.

அவ்வளவுதான். வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு பல வருஷம் நான்தான் ஆசன டீச்சர். ஆனால் ஒரு பிள்ளைக்குக்கூட மயில் சொல்லிக்கொடுக்கவில்லை. வளையல் உடைகிறது என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நின்றபடி செய்கிறதும் உட்கார்ந்தபடி செய்கிறதும்தான். கமிட்டிக்காரரும் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சத்தமில்லாத வீடு

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கதீஜா வாசல்வரை வந்துவிட்டு, போ என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

கன்னியம்மா அக்கா தண்ணீருக்குப் போயிருந்தார். நான் உள்ளே போய்ச் செம்பை எடுத்தேன், தண்ணீர் குடித்தேன், புடவையை உதறினேன். கட்டிலிலிருந்து குரலே வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே போனேன்.

விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் வந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. திடீரென்று எதிரில் என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. பாதிக்கு மேல் குடித்திருந்தார்.

வேலை நிலைத்துவிட்டது என்றேன். ம் என்றார். என் கைகளைப் பார்த்தார். முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளப் போனேன். அவர் விடவில்லை. காயம்பட்ட இடத்தில் படாமல், இடது மணிக்கட்டை மஞ்சள் கயிற்றோடு சேர்த்துத் தன் விரல்களால் வளைத்துப் பிடித்தார். எலும்பும் தோலுமான கை. ஆனாலும் சுற்றி வந்தது.

“வளையல்காரன் வெள்ளிக்கெழமதான வருவான்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“அதுவரிக்கும் நான் புடிச்சிக்கினு இருக்கிறேன். உக்காரு.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அடுப்பு மூட்ட வேண்டும், துணி அலச வேண்டும், எல்லாம் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் பிடி தளர்ந்தது. பதறிப்போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வந்துகொண்டிருந்தது. தூங்கிவிட்டிருந்தார். மெல்ல என் கையை உருவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக, தளர்ந்த அந்த விரல்களை என் வலது கையால் எடுத்து மறுபடியும் என் மணிக்கட்டைச் சுற்றி மடக்கி வைத்துக்கொண்டு, அக்கா தண்ணீரோடு திரும்பி வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.